பின்னால் நின்று பார்த்த ஆட்டம்

கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கே நம்பும்படியாக இல்லை. எட்டு வயதிலிருந்து பதின்மூன்று வயது வரை, ஆண்டுக்கு ஒரு முறை என்று மொத்தம் ஆறு முறைதான் அந்தக் கேளிக்கைப் பூங்காவுக்குப் போயிருக்கிறோம். ஒவ்வொரு முறையும் அங்கிருந்த வீடியோ விளையாட்டு எந்திரங்களில் போட, அப்பா எனக்கும் அண்ணனுக்கும் ஆளுக்குப் பத்து டோக்கன் வாங்கித் தருவார். என்னுடைய பத்தில் இரண்டை, ஆடக் கற்றுக்கொடுப்பதற்கான கட்டணம் என்று சொல்லி அண்ணன் எடுத்துக்கொள்வான். மிச்சம் எட்டு. என் திறமைக்கு ஒரு டோக்கன் சராசரியாக இரண்டு நிமிடம் தாக்குப்பிடித்திருக்கும். ஆறு முறை, எட்டு டோக்கன், இரண்டு நிமிடம்: எல்லாவற்றையும் பெருக்கினால் 96 நிமிடங்கள். என் குழந்தைப் பருவத்தைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம், பாதி நாட்களை அந்த எந்திரங்களுக்கு முன்னால் கழித்தவளைப்போல நான் கதை சொல்லிவந்திருக்கிறேன். உண்மையில் ஜாய்ஸ்டிக்கின் பிடி என் கைக்குள் இருந்த நேரம் ஒரு திரைப்படத்தின் நீளத்துக்கும் குறைவு.

அப்படியானால் இத்தனை ஆண்டுகளாக என் நினைவில் ஓடிக்கொண்டிருப்பது எது என்று யோசித்தேன். விடை எளிதுதான். நான் ஆடிய ஆட்டங்களைவிட, நின்று பார்த்த ஆட்டங்கள்தாம் அதிகம். அப்பாவும் அம்மாவும் உயரமான ராட்டினங்களின் வரிசையில் வெயிலில் நின்றுகொண்டிருக்க, நாங்கள் இருவரும் எந்திரங்கள் இருந்த கூடத்துக்குள் மணிக்கணக்கில் இருப்போம். டோக்கன்கள் முதல் அரை மணி நேரத்திலேயே தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றுதான் இருந்தது: முன்பின் தெரியாத யாரோ ஒருவரின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வது.

பூங்காவுக்குள் அந்தக் கூடம் ஓர் ஓரத்தில் இருந்தது. ராட்டினங்களில் ஏற உயரம் போதாத பிள்ளைகளும், ஏறி இறங்கித் தலைசுற்றி வந்தவர்களும், மழைக்கு ஒதுங்கியவர்களும் நுழையும் இடமாகத்தான் அதை அமைத்தவர்கள் நினைத்திருக்கவேண்டும். வெளியே கண்ணைக் கூசும் வெளிச்சம். உள்ளே காலடி எடுத்துவைத்ததும் சில நொடிகளுக்கு எதுவுமே தெரியாது. அந்த நொடிகளில் ஓசை மட்டும்தான் இருக்கும். ஆளில்லாத எந்திரங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் கூவிக்கொண்டிருக்கும். ஒன்றின் இசை முடியாமல் இன்னொன்றின் வெடிச்சத்தம் குறுக்கே வரும். அதற்கும் நடுவில் எங்கோ ஒரு பெட்டிக்குள் டோக்கன் விழுந்து உருளும் ஓசை தனியாகக் கேட்கும். கண் பழகியதும் முதலில் தெரிவது திரைகள் அல்ல, திரைகளின் வெளிச்சம் பட்ட முகங்கள். ஒருவன் முகம் நீலமாக இருக்கும், பக்கத்தில் இருப்பவன் முகம் சிவந்து சிவந்து அணையும். திரையைப் பார்க்காமலே, ஆடுகிறவன் உயிரோடு இருக்கிறானா செத்துவிட்டானா என்பதை முகத்தை வைத்துச் சொல்லிவிடலாம்.

முதல் ஆண்டு நான் செய்த ஒரு காரியத்தை அண்ணன் இன்றுவரை சொல்லிக் காட்டுகிறான். யாரும் காசு போடாமல் நிற்கும் எந்திரம் தானாகவே சிறிது நேரம் ஆடிக்காட்டும். வழியில் போகிறவர்களை இழுப்பதற்கான ஏற்பாடு அது. எனக்கு அது தெரியாது. டோக்கனை எல்லாம் தீர்த்துவிட்டு, தானாக ஓடிக்கொண்டிருந்த ஒரு விண்கல ஆட்டத்தின் முன்னால் நின்று, பிடியை இப்படியும் அப்படியும் அசைத்துப் பொத்தானைத் தட்டிக்கொண்டிருந்தேன். விண்கலம் இடப்பக்கம் போகும்போது நானும் இடப்பக்கம் தள்ளினேன். அது சுடும்போது நானும் தட்டினேன். எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்பதெல்லாம் எட்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு பொருட்டா? ஏறத்தாழ பத்து நிமிடம் இலவசமாக ஆடியதாக நம்பி, பெருமையோடு அண்ணனிடம் போய்ச் சொன்னேன். அவன் என்னைக் கூட்டிக்கொண்டு வந்து, என் இரண்டு கைகளையும் பிடியிலிருந்து எடுத்துவிட்டு, "இப்போ பாரு" என்றான். விண்கலம் நான் இல்லாமலும் அதேபோல இடப்பக்கம் போய்ச் சுட்டது. அழுதேனா என்று நினைவில்லை. ஆனால், பார்ப்பது வேறு, ஆடுவது வேறு என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

பார்ப்பதற்கும் அங்கே விதிகள் இருந்தன. யாரும் எழுதி மாட்டாத விதிகள். ஆடுகிறவரின் முழங்கை அசைவுக்கு இடம் விட்டு, இடது தோளுக்குச் சற்றுப் பின்னால் நிற்கவேண்டும். வாசல் பக்கத்து வெளிச்சத்தை மறைத்து நின்றால் நல்லது, ஆடுகிறவருக்குத் திரையில் நிழலாடாது. எந்திரத்தின் மேல் கை வைக்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, வாய் திறக்கக்கூடாது. பின்னால் நிற்பவனுக்கு முழுத் திரையும் தெரியும்; ஆடுகிறவனுக்குத் தன் உயிரைச் சுற்றிய இரண்டு விரற்கடை மட்டுமே தெரியும். ஆகவே ஆபத்தைப் பார்வையாளன் எப்போதும் முன்கூட்டியே பார்த்துவிடுவான். ஆனால் சொல்லக்கூடாது, சொன்னால் ஆடுகிறவன் திரும்புவான், திரும்பினால் சாவான், செத்தால் பழி உன்மேல். மூன்றாம் ஆண்டில் ஒரு பெரிய பையன் ஆடும்போது என்னையறியாமல் "மேல!" என்று கத்திவிட்டு, அவன் திரும்பிப் பார்த்த பார்வைக்குப் பயந்து அன்று முழுக்க அந்தப் பக்கமே போகாமல் இருந்தேன்.

நான் அதிகம் பார்த்தது பேக்மேன். புதிர்ப்பாதைக்குள் புள்ளிகளைத் தின்றுகொண்டே நான்கு பேய்களிடமிருந்து தப்பி ஓடவேண்டும். ஜப்பானின் நாம்கோ நிறுவனத்தில் தோரு இவாதானி வடிவமைத்து 1980-இல் வெளிவந்த ஆட்டம் அது. நாங்கள் போன காலத்தில் அந்த எந்திரத்துக்குப் பத்து வயது ஆகியிருந்தது. பூங்காக்களில் இது ஒரு வசதி. நகரத்து விளையாட்டுக் கூடங்கள் புதியது வந்தால் பழையதைத் தூக்கி எறியும். கேளிக்கைப் பூங்காவில் எந்திரம் சாகும்வரை நிற்கும். அதனால் எங்கள் கூடத்தில் பதினைந்து ஆண்டுக் காலத்தின் ஆட்டங்கள் தலைமுறை வேறுபாடு இல்லாமல் தோளோடு தோள் உரசி நின்றன. அந்தப் பேக்மேன் எந்திரத்தை இரவில் அணைத்துவைத்தால்கூட அதன் புதிர்ப்பாதை திரையில் மங்கலாகத் தெரியும் என்று நினைக்கிறேன். ஒரே படத்தை ஆண்டுக்கணக்கில் காட்டிக்கொண்டிருந்தால் பழைய படக்குழாய்த் திரையின் உட்பூச்சு அந்த வடிவத்திலேயே தேய்ந்துபோகும். காலையில் கூடத்தைத் திறந்ததும் நாங்கள் முதல் ஆளாக நுழைந்த ஓர் ஆண்டில், உயிர் வராத அந்தக் கறுப்புத் திரையில் பாதைகளின் தடத்தைப் பார்த்தது நினைவிருக்கிறது. ஆட்டம் தொடங்கும் முன்பே ஆட்டத்தின் ஆவி அங்கே இருந்தது.

இவாதானி பெண்களும் விரும்பி ஆடும்படியான ஓர் ஆட்டத்தைச் செய்ய நினைத்தார் என்றும், சுட்டுத் தள்ளும் ஆட்டங்களுக்கு நடுவே தின்பதை மையமாக வைத்ததற்கு அதுவே காரணம் என்றும் பின்னாளில் படித்தபோது, எனக்குச் சிரிப்பு வந்தது. ஏனென்றால் அந்தக் கூடத்தில் பெண் பிள்ளைகள் நிற்க இடம் கிடைத்தது அந்த ஒரு எந்திரத்தின் முன்னால்தான். மற்ற இடங்களில் யாரும் விரட்டினார்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் பையன்கள் ஒரு சுவர்போல நெருக்கி நிற்பார்கள், அந்தச் சுவரில் எனக்கான இடைவெளி இருக்காது. பேக்மேன் முன்னால் சுவர் இல்லை.

அண்ணன் அதில் கெட்டிக்காரன். அவன் ஆடுவதைப் பார்த்துத்தான் நான்கு பேய்களுக்கும் நான்கு குணம் என்பது எனக்குப் புரிந்தது. சிவப்பு துரத்தும், இளஞ்சிவப்பு துரத்தாது, முன்னால் போய் வழிமறிக்கும், நீலத்தை நம்பவே முடியாது, ஆரஞ்சு நிறத்தது ஒரு கோழை. இதைக் கண்டுபிடித்தது நாங்கள்தான் என்று நெடுங்காலம் நினைத்திருந்தேன். ஆனால் ஜப்பானிய மூலத்தில் அவற்றின் குணப்பெயர்களே இவைதாம்: சிவப்புக்கு ஒய்காகே, அதாவது துரத்துதல், இளஞ்சிவப்புக்கு மாச்சிபுசே, பதுங்கி வழிமறித்தல், நீலத்துக்கு கிமாகுரே, மனம்போன போக்கு, ஆரஞ்சுக்கு ஒதோபோகே, ஒன்றும் தெரியாததுபோல் பாசாங்கு. உள்ளே இருந்த விதிகளும் கிட்டத்தட்ட இவ்வளவு எளிமையானவையே. சிவப்புப் பேய் பேக்மேன் இருக்கும் கட்டத்தையே குறிவைக்கிறது. இளஞ்சிவப்பு, பேக்மேன் பார்த்திருக்கும் திசையில் நான்கு கட்டம் தள்ளி உள்ள இடத்தைக் குறிவைக்கிறது. ஆரஞ்சு தொலைவில் இருக்கும்வரை துரத்திவந்து, எட்டுக் கட்டத்துக்குள் நெருங்கிவிட்டால் தன் மூலைக்கு ஓடிவிடுகிறது. நீலம் மட்டும் சிவப்பு நிற்கும் இடத்தையும் சேர்த்துக் கணக்கிடுகிறது. அதனால்தான் அதன் போக்கு பிடிபடவில்லை. அதைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டுமானால் ஒரே நேரத்தில் மூன்று உருவங்களைப் பார்க்கவேண்டும். ஆடுகிறவனால் முடியாது, இடது தோளுக்குப் பின்னால் நிற்பவளால் முடியும்.

இளஞ்சிவப்பை ஏமாற்ற அண்ணனிடம் ஒரு தந்திரம் இருந்தது. அது எதிரே வரும்போது ஓடாமல், நேராக அதை நோக்கியே போவான். இடையில் ஒரு சந்து இருந்தால் அது அந்தச் சந்துக்குள் திரும்பிவிடும். "அதுக்குப் பயம்" என்பான். பயமில்லை, கணக்கு. பேக்மேன் அதை நோக்கித் திரும்பியதும், நான்கு கட்டம் தள்ளி இருக்கும் அதன் இலக்கு அதன் முதுகுக்குப் பின்னால் விழுகிறது. பேய்களால் விருப்பப்படி அங்கேயே திரும்பி நடக்க முடியாது, ஆகவே கிடைத்த சந்தில் வளைந்து இலக்கைச் சுற்றி அடைய முயல்கிறது. இந்த விளக்கத்தைப் படித்த அன்று அண்ணனுக்குத் தொலைபேசியில் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பயம்னே இருந்திருக்கலாம்" என்றான்.

ஸ்பேஸ் இன்வேடர்ஸ் கூடத்தின் கடைசி மூலையில் இருந்தது. தாயிட்டோ நிறுவனத்துக்காக தொமோஹிரோ நிஷிகாதோ செய்தது, 1978. எங்களைவிட மூத்தது என்ற மரியாதையோடு அதை அணுகுவோம், ஒரு டோக்கனுக்கு மேல் கொடுக்கமாட்டோம். அதில் எனக்குப் பிடித்தது பார்ப்பதைவிடக் கேட்பது. வரிசைக்குப் பதினொன்றாக ஐந்து வரிசை, மொத்தம் 55 அயல்கிரகத்தார் படியிறங்கி வருவார்கள். நான்கே சுரங்கள் கொண்ட ஒரு தாளம் நெஞ்சுத்துடிப்புபோல அடித்துக்கொண்டிருக்கும். ஆட்கள் குறையக் குறைய மிஞ்சியவர்கள் வேகமெடுப்பார்கள், தாளமும் வேகமெடுக்கும். கடைசி ஒருவன் தறிகெட்டு ஓடுவான். சாகப்போகிறவனுக்கு வரும் ஆவேசம் என்றே நினைத்திருந்தேன். காரணம் அந்தக் காலத்துச் செயலி. அத்தனை உருவங்களையும் வரைய அது திணறியது. சுடப்பட்டு எண்ணிக்கை குறைந்ததும் சுமை இறங்கி ஓட்டம் கூடியது. நிஷிகாதோ அதைத் திருத்தாமல் அப்படியே விட்டுவிட்டார். ஆடுபவரின் நெஞ்சைப் பதறவைக்கும் உத்தியாகப் பின்னால் வந்தவர்கள் பலரும் பின்பற்றிய ஒன்று, ஓர் எந்திரத்தின் மூச்சிரைப்பில் பிறந்தது.

இங்கே ஒரு மனத்தாங்கலைச் சொல்லியாகவேண்டும். அந்தப் பூங்காவின் பேக்மேனில் ஓர் ஆட்டத்துக்கு இரண்டு உயிர்கள்தாம் கொடுப்பார்கள். நான் அதுதான் உலக நியதி என்று நினைத்திருந்தேன். கல்லூரிக் காலத்தில் வேறோர் இடத்தில் அதே எந்திரத்தில் மூன்று உயிர் வந்தபோது, எந்திரம் பழுதாகி அள்ளிக்கொடுக்கிறது என்று நினைத்து யாருக்கும் தெரியாமல் ஆடினேன். மூன்றுதான் வழக்கமான அளவு. எந்திரத்தின் உள்ளே, சுற்றுப்பலகையில் வரிசையாகச் சிறு சிறு விசைகள் இருக்கும். எத்தனை உயிர், எவ்வளவு கடினம், எத்தனை புள்ளிக்கு ஓர் உயிர் இனாம் என்பதையெல்லாம் உரிமையாளர் அவற்றை மேலும் கீழும் தள்ளி முடிவு செய்துகொள்ளலாம். பேக்மேனில் ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து என நான்கு தேர்வுகள். யாரோ ஒருவர் ஒரு திருகாணியைக் கழற்றிக் கதவைத் திறந்து, நகத்தால் ஒரு விசையைத் தள்ளி என் ஆறு ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்கு உயிரை எடுத்துக்கொண்டார். மேலே போட்ட கணக்கில் என் 96 நிமிடங்கள் ஏன் அவ்வளவு குறைந்தன என்பதற்கு என் திறமைக்குறைவு மட்டும் காரணமில்லை என்று இப்போது சொல்லிக்கொள்கிறேன்.

பொம்மை தூக்கும் எந்திரத்தைப் பற்றியும் அப்படித்தான். கண்ணாடிக் கூண்டுக்குள் மூன்று விரல் இரும்புக்கை இறங்கி, ஒரு பொம்மையைக் கவ்வி, பாதி தூரம் தூக்கிவந்து, ஏதோ நினைவு வந்ததைப்போல நழுவவிடும். என் கை சரியாக நிறுத்தவில்லை என்று ஒவ்வொரு முறையும் என்னையே நொந்துகொண்டேன். இத்தகைய எந்திரங்கள் பலவற்றில் அந்தப் பிடியின் இறுக்கத்தைக் கூட்டவும் குறைக்கவும் வழி உண்டு. இத்தனை முறைக்கு ஒரு முறைதான் முழு இறுக்கம் என்று வைத்துவிடவும் முடியும். இதை அண்ணன் எந்த நூலும் படிக்காமல், நாற்பது நிமிடம் ஓரமாக நின்று பார்த்தே கண்டுகொண்டான். பத்துப் பதினைந்து பேர் தோற்கும்வரை காத்திருந்துவிட்டுப் போய் ஒரு டோக்கன் போட்டான். அப்போதும் கிடைக்கவில்லை, கோட்பாடு சரி, எண்ணிக்கை தவறு. அதற்கு அடுத்து ஆடிய ஒரு சின்னப் பெண்ணுக்கு ஒரு கரடி பொம்மை கிடைத்தது.

பந்தை உருட்டி வளையங்களுக்குள் ஏற்றும் ஸ்கீபால், தலைநீட்டும் பொம்மைகளைச் சுத்தியலால் அடிப்பது ஆகியவற்றில் எங்களுக்கு நாட்டமில்லை. ஸ்கீபாலுக்கு 1908-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார்கள் என்பது இப்போது வியப்பாக இருக்கிறது. அப்போது அது அழுகிற தம்பி தங்கைகளைச் சமாதானப்படுத்தும் பகுதி, அவ்வளவுதான்.

துப்பாக்கி ஆட்டத்தில் அண்ணன் எனக்கு ஒரு வேலை கொடுத்திருந்தான்: எதிரிகள் எந்தச் சன்னலிலிருந்து எந்த வரிசையில் எழுகிறார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்வது. ஆடும்போது அல்ல, வேறொருவர் ஆடும்போது பார்த்துப் பாடம் செய்துவிட்டு, அவன் முறை வருவதற்கு முன் ஒப்பிக்கவேண்டும். "இடது, இடது, நடு, பீப்பாய்க்குப் பின்னாடி, மாடி" என்று வாய்பாடுபோல ஒப்பித்தது நாக்கில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு முறை விசையை அழுத்தும்போதும் திரை ஒரு கணம் வெளுத்து மீளும். அது குண்டின் வெளிச்சம் என்று நினைத்திருந்தோம். அந்தத் துப்பாக்கியிலிருந்து எதுவும் வெளியே போவதில்லை. அதன் குழாய்க்குள் இருந்தது ஓர் ஒளியுணரி. விசையை அழுத்தியதும் திரை வெளிச்சமாகும். படக்குழாயின் கற்றை வரிவரியாகத் திரையை வரைந்துகொண்டு வரும்போது, துப்பாக்கிக் குழாய் நோக்கியிருக்கும் புள்ளியைக் கடக்கும் நொடிக்கூறை உணரி பிடித்துவிடும். அந்த நேரத்தை வைத்து எங்கே குறிவைத்தாய் என்பதை எந்திரம் கண்டுபிடிக்கும். அது சுடுவதே இல்லை, பார்க்க மட்டுமே செய்கிறது.

அப்பா ஒரே ஒரு முறை உள்ளே வந்தார். வெளியே மழை பிடித்துக்கொண்டது. நாங்கள் இருவரும் அவரை அவுட்ரன் எந்திரத்தின் சிவப்பு இருக்கையில் உட்காரவைத்தோம். செகாவில் யூ சுசுகி 1986-இல் செய்த கார் ஆட்டம். ஸ்டீயரிங், கியர், மிதிகள் எல்லாம் உண்டு, இருக்கையே வளைவுகளில் சாயும். தொடங்கும் முன்பு காரின் வானொலியில் எந்த இசை வேண்டும் என்று கேட்கும். அப்பா மூன்றையும் கேட்டுப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். பிறகு வாழ்நாள் முழுக்க எப்படி வண்டி ஓட்டினாரோ அப்படியே ஓட்டினார். முன்னால் வண்டி போனால் வேகத்தைக் குறைத்தார், வளைவு வருமுன் கியரை மாற்றினார், ஒருமுறைகூடப் பாதையை விட்டு இறங்கவில்லை. அந்த ஆட்டத்தில் நேரம் எண்ணிக்கொண்டே வரும்; குறித்த நேரத்துக்குள் அடுத்த சாவடியை எட்டாவிட்டால் ஆட்டம் முடிந்தது. முதல் சாவடி கண்ணுக்குத் தெரியும் தொலைவில் அவர் வண்டி மெல்ல நின்றது. "ஒரு இடி கூட இல்லை, ஏன் நிறுத்திட்டான்?" என்று எங்களைக் கேட்டார். நாங்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்து எந்திரத்துப் பையன் செத்துப்போனான். நான் பின்னால் நின்று பார்த்த ஆட்டங்களில் மிக அழகானது எது என்று கேட்டால் அதையே சொல்வேன்.

1992-இல் போனபோது கூடத்தின் நடுவில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 என்ற சண்டை ஆட்டம் வந்திருந்தது, அதன்பிறகு மற்ற எந்திரங்கள் எல்லாம் ஓரத்துக்கு ஒதுங்கின. ஆறு பொத்தான்கள், எதிரே இன்னொரு மனிதன். அதுவரை எந்திரத்திடம் தோற்றுக்கொண்டிருந்தவர்கள் இப்போது ஒருவரிடம் ஒருவர் தோற்றார்கள். அடுத்து ஆட விரும்புகிறவர் தன் டோக்கனைத் திரைக்குக் கீழே விளிம்பில் வரிசையாக வைத்துவிட்டுக் காத்திருப்பார். டோக்கன்களின் வரிசையே ஆட்களின் வரிசை. எட்டுப் பத்து டோக்கன் அடுக்கியிருந்த அந்த விளிம்பைப் பார்த்துக்கொண்டு, அவற்றில் ஒன்று என்னுடையதாக இருந்தால் என்று நினைத்தபடி நின்றிருக்கிறேன். ஒரு நாளும் வைக்கவில்லை. அங்கேதான் சுவர் மிக நெருக்கமாக இருந்தது. அண்ணனின் கைமுட்டிக்குக் கீழே குனிந்து, திரையின் கீழ்ப்பாதியை மட்டும் பார்ப்பேன். எனக்குச் சண்டை என்பது நான்கு கால்களின் விவகாரமாகவே தெரிந்தது.

தோற்றவருக்கு ஒன்பதிலிருந்து பூஜ்யம் வரை எண் இறங்கும். அதற்குள் இன்னொரு காசு போட்டால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அந்தப் பத்து எண்களைப்போல மனிதரை நன்கறிந்த வணிக ஏற்பாட்டை நான் பிறகு எங்கும் பார்க்கவில்லை. ஒன்பது, எட்டு, ஏழு வரை கௌரவமாக நிற்பவர்கள் நான்கில் பையைத் தடவுவார்கள், இரண்டில் ஓடுவார்கள். டோக்கன் இல்லாத எங்களுக்கு அந்த எண்கள் வேறு மாதிரி. யாராவது அவசரத்தில் ஒரு டோக்கனைத் தவறவிட்டால்? ஆறு ஆண்டுகளில் ஒரே ஒரு முறை ஒன்று உருண்டு வந்து என் செருப்பில் முட்டியது. எடுத்துக் கொடுத்துவிட்டேன். அண்ணன் வீடு வரும்வரை என்னோடு பேசவில்லை.

கேலகா என்ற விண்கல ஆட்டத்தில் முதல் ஐந்து இடம் பிடித்தவர்கள் மூன்று எழுத்தில் பெயர் பதியலாம். 1993-இல் அண்ணன் ஐந்தாம் இடத்துக்கு வந்தான். எதிரி பிடித்துக்கொண்டுபோன தன் கப்பலை மீட்டு இரட்டைக் கப்பலாக்கி, வியர்த்து வழிய ஆடிய ஆட்டம் அது. நான் மூச்சுவிடாமல் பார்த்தேன். தன் பெயரின் முதலெழுத்து, அப்பாவின் முதலெழுத்து ஆகிய இரண்டையும் போட்டுவிட்டு, மூன்றாவதாக என்ன போடுவது என்று யோசித்து என் முதலெழுத்தைப் போட்டான். அடுத்த ஆண்டு ஓடிப்போய்ப் பார்த்தோம். பட்டியலில் எந்திரத்தின் சொந்தப் பெயர்கள்தாம் இருந்தன. அந்தப் பட்டியல் மின்சாரம் இருக்கும்வரைதான் என்பது எங்களுக்குத் தெரியாது. இரவில் விளக்கணைத்தவர் ஒவ்வொரு நாளும் எல்லாரையும் அழித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போயிருக்கிறார். யாரோ எங்களை முறியடித்துவிட்டார்கள் என்றுதான் அண்ணன் அன்றைக்குச் சொன்னான். அந்த ஆண்டோடு போவது நின்றது.

சென்ற ஆண்டு அண்ணன் என் வீட்டுக்கு வந்திருந்தபோது, பழைய ஆர்கேடு எந்திரங்களைக் கணினிக்குள் அப்படியே நடித்துக்காட்டும் மேம் என்ற மென்பொருளில் பேக்மேனைத் திறந்து காட்டினேன். 1997-இலிருந்து இருக்கும் மென்பொருள். எனக்கு அது அதிகாலைப் பழக்கம், அவனுக்குப் புதிது. அதில் 5 என்ற விசையை அழுத்தினால் காசு போட்டதாகக் கணக்கு. அண்ணன் அதை அழுத்திக்கொண்டே போனான், வரவு ஏறிக்கொண்டே போனது, சிறுபிள்ளையைப்போலச் சிரித்தான். ஐந்தாறு ஆட்டம் ஆடினான். தோற்கத் தோற்க உடனே அடுத்ததைத் தொடங்கினான். கால் மணி நேரத்துக்குள் நாற்காலியில் சாய்ந்துவிட்டு, "என்னமோ ஒட்டலையே" என்றான்.

அமைப்புப் பட்டியைத் திறந்து, அந்தச் சிறு விசைகள் இதிலும் இருப்பதைக் காட்டினேன். உயிர்கள் என்ற வரியை மூன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றினேன். அவன் அதைக் கவனித்துவிட்டு, ஏறியிருந்த வரவையெல்லாம் அழித்துப் புதிதாகத் தொடங்கச் சொன்னான். பிறகு விரல்விட்டு எண்ணிக்கொண்டே 5-ஐப் பத்து முறை அழுத்தினான்.

"பத்துதான். அதுக்கு மேல கிடையாது. அதுல ரெண்டு எனக்கு."

முதல் எட்டை நான் ஆடினேன். அவன் இடது தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, வாய் திறக்காமல், ஆனால் ஒவ்வோர் ஆபத்துக்கும் மூச்சை இழுத்துக் காட்டிக்கொண்டிருந்தான். விதியை மீறாமல் மீறும் கலையை இத்தனை வயதில் கற்றிருக்கிறான். ஒன்பதாவதுக்கு எழுந்து இடம் கொடுத்தேன். அவன் உட்கார்ந்து, நாற்காலியை முன்னால் இழுத்து, திரைக்கு மிக அருகில் குனிந்துகொண்டான். சன்னல் வெளிச்சம் திரையில் விழாதபடி சற்று நகர்ந்து நின்றேன். முதல் உயிர் போனது. இரண்டாவதில் கீழ்ப்பாதி முழுவதையும் தின்று முடித்து மேலே ஏறினான். சிவப்பு பின்னால் வந்துகொண்டிருந்தது, அவன் கண் அதன்மேலேயே இருந்தது. வலது மேல்மூலையில் இளஞ்சிவப்பு திரும்புவதை அவனுக்கு முன்பே நான் பார்த்துவிட்டேன். வாய் திறக்கவில்லை.